ஒரு குடுவை பாலிமர், மூன்று தூய்மைகள்: பி3எச்டி சூரிய மின்கலச் செய்முறைப் பதிவு

ஆய்வகங்களில் பி3எச்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலி(3-ஹெக்சைல்தையோபீன்) கரிமச் சூரிய மின்கல ஆய்வில் மிகப் பழகிய குறைகடத்திப் பாலிமர். இதைத் தயாராக விலைக்கு வாங்கலாம். ஆனால் ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு புட்டிகளைத் திறந்து ஒரே முறையில் மின்கலம் செய்தாலும், ஒன்று 3.5 விழுக்காடு திறனையும் மற்றொன்று அதில் பாதியையும் தருவது உண்டு. பாலிமரின் சங்கிலி நீளம், அலகுகள் இணைந்திருக்கும் ஒழுங்கு, உள்ளே தங்கிவிட்ட உலோகமும் உப்பும் ஆகியவை தொகுதிக்குத் தொகுதி மாறுவதே அதற்குக் காரணம். எனவே பாலிமரை நாமே தயாரித்து, ஒரே தொகுதியை மூன்று பங்காகப் பிரித்து, மூன்றையும் மூன்று அளவில் தூய்மைப்படுத்தி, அவற்றைக் கொண்டு மின்கலங்கள் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அந்த வேலையின் பதிவு இது.

இந்தத் துறையின் தொடக்கம் 1977. ஹிடேகி ஷிராகாவா, ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் பாலிஅசெட்டிலீன் படலத்தை ஹாலஜன் ஆவியில் காட்டியபோது அதன் மின்கடத்துதிறன் பல கோடி மடங்கு உயர்ந்ததைக் கண்டார்கள். அந்தப் பணிக்காக 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. பாலிஅசெட்டிலீன் காற்றில் நிலைக்காது, எந்தக் கரைப்பானிலும் கரையாது. தையோபீன் வளையங்களைக் கோத்து, வளையத்துக்கு ஓர் ஆறு கார்பன் வால் வைத்தால் பாலிமர் கரைகிறது. கரைந்தால் மையைப் போல் பரப்பலாம். பி3எச்டியின் பயன் முழுவதும் இந்த வாலிலிருந்து வருகிறது. தொல்லையும் அதிலிருந்தே வருகிறது.

தையோபீன் வளையத்தின் 3-ஆம் இடத்தில் ஹெக்சைல் வால் இருப்பதால் வளையத்தின் 2-ஆம் இடமும் 5-ஆம் இடமும் ஒன்றுக்கொன்று சமமல்ல. 2-ஆம் இடத்தைத் தலை என்றும் 5-ஆம் இடத்தை வால் என்றும் சொல்வது வழக்கம் (ஹெக்சைல் வால் என்பது வேறு). வளையங்கள் எல்லாம் தலை–வால் முறையில் இணைந்தால் சங்கிலி தட்டையாகக் கிடக்கும். இடையில் எங்காவது தலையும் தலையும் இணைந்துவிட்டால், அங்கே இரண்டு ஹெக்சைல் தொகுதிகள் ஒன்றையொன்று முட்டி வளையங்களைத் தளத்திலிருந்து திருப்பிவிடும். எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவுவது அந்த இடத்தில் அறுபடும். தலை–வால் ஒழுங்கு நிறைந்த பாலிமரை 1992-இல் ரிச்சர்ட் மெக்கல்லோ குழுவும், அதே காலத்தில் வேறு முறையில் ரீக்கே குழுவும் தயாரித்துக் காட்டினார்கள். இரண்டு முறைகளும் மிகக் குறைந்த வெப்பநிலையைக் கேட்பவை. 1999-இல் மெக்கல்லோ குழு வெளியிட்ட கிரிக்னார்டு (கரிம மக்னீசியச் சேர்மம்) மாற்று முறையை அறை வெப்பநிலையிலேயே செய்ய முடிகிறது. நாங்கள் பின்பற்றியது அதன் ஒரு வடிவம்.

தொடக்கப் பொருளான மோனோமர், அதாவது சங்கிலியாகக் கோக்கப்படும் ஒற்றை அலகு, 2,5-டைபுரோமோ-3-ஹெக்சைல்தையோபீன். 3-ஹெக்சைல்தையோபீனை என்-புரோமோசக்சினிமைடு கொண்டு இருமுறை புரோமினேற்றிப் பெறுவது இது. வெளிர் மஞ்சள் நிற எண்ணெயான இதை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, நடுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதலில் வரும் பகுதியில் ஒற்றைப் புரோமைடு கலந்திருக்கும். அதில் கிரிக்னார்டு மாற்றத்துக்கு இடம் தரக்கூடிய புரோமின் குறைவாக இருப்பதால், எவ்வளவு மோனோமர் உண்மையில் வினையில் இறங்குகிறது என்ற கணக்கு குழம்பும். வாயு நிறப்பகுப்பியில் தூய்மை 99 விழுக்காட்டுக்கு மேல் வந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

கரைப்பானாகிய டெட்ராஹைட்ரோஃபியூரானைச் சோடியத்துடனும் பென்சோபீனோனுடனும் கொதிக்கவிட்டு, அடர் நீல நிறம் நிலைத்து நின்ற பிறகு வடித்தோம். அந்த நீலம் இருக்கும் வரை கரைப்பானில் நீரும் ஆக்சிஜனும் இல்லை என்று நம்பலாம்.

கிரிக்னார்டு வினைபொருளான டெர்ஷியரி-பியூட்டைல் மக்னீசியம் குளோரைடின் செறிவைப் புட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை திறந்த புட்டியின் செறிவு மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே இருக்கும். எடை போட்ட மென்தாலை உலர்ந்த கரைப்பானில் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை 1,10-பீனாந்த்ரோலின் சேர்த்து, கிரிக்னார்டைச் சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டோம். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஊதா நிறம் தோன்றி, கலக்கியதும் மறையும். மென்தால் தீர்ந்தபின் விழும் சொட்டில் அந்த நிறம் மறையாமல் நிற்கும். அதுவே முடிவு நிலை. 1.0 மோலார் என்று குறித்திருந்த கரைசல் உண்மையில் 0.91 மோலார் இருந்தது. இந்த ஒன்பது விழுக்காட்டு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் மோனோமரில் ஒரு பகுதி வினைக்கே வராமல் கிடக்கும். மறுபுறம், கிரிக்னார்டு மிகுந்துவிட்டால் மிச்சம் நிக்கல் வினையூக்கியைத் தாக்கிச் சங்கிலியின் நுனியை மாற்றிவிடும். எனவே மோனோமருக்கு 0.98 பங்கு என்று சற்றே குறைத்து எடுப்பதை நான் விரும்புகிறேன்.

அளவுகள் இவை: மோனோமர் 2.61 கிராம், அதாவது 8 மில்லிமோல். கிரிக்னார்டுக் கரைசல் 8.6 மி.லி.; கரைப்பான் 80 மி.லி.; வினையூக்கியாக டிபிபிபி என்ற பாஸ்பீன் ஈந்தணைவி கொண்ட நிக்கல் குளோரைடு 43.4 மி.கி., அதாவது மோனோமரில் நூற்றில் ஒரு பங்கு.

வெப்ப அடுப்பில் காய்ந்த மூன்று கழுத்துக் குடுவையை ஷ்லெங்க் குழாயமைப்பில் பொருத்தி, வெற்றிடமும் ஆர்கானும் மாறி மாறிக் கொடுத்து, மோனோமரையும் கரைப்பானையும் ஏற்றினோம். கிரிக்னார்டை மெதுவாகச் சேர்த்து அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம் கலக்கவிட்டோம். பிறகு அரை மி.லி. எடுத்து நீரில் அணைத்து வாயு நிறப்பகுப்பியில் பார்த்தால், மக்னீசியம் எந்தப் பக்கத்துப் புரோமினை மாற்றியது என்பது தெரியும். பருத்த டெர்ஷியரி-பியூட்டைல் தொகுதி ஹெக்சைல் வாலுக்குப் பக்கத்தில் உள்ள புரோமினை எளிதில் அணுகாது. எனவே எதிர்ப்பக்கத்தில் மாறியதே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இருந்தது. பாலிமர் ஆவதும் பெரும்பாலும் அந்த வகைதான். மற்ற ஒரு பங்கு வினையில் மிகக் குறைவாகவே சேரும் என்பதால், கணக்கிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும்.

வினையூக்கியை ஒரே தவணையில் சேர்ப்பது முக்கியம். செங்கல் நிறத் தூளாக இருக்கும் அதைச் சிறிது கரைப்பானில் குழப்பி ஒரு வீச்சில் ஊற்றினோம். மஞ்சளாக இருந்த கரைசல் சில நொடிகளில் ஆரஞ்சுச் சிவப்பானது. சில நிமிடங்களில் ஒளி ஊடுருவாத கருஞ்சிவப்பானது. குடுவையின் உட்சுவரில் தெறித்துக் காய்ந்த இடங்களில் ஊதாப் படலம் ஒட்டி, சாய்த்துப் பார்க்கையில் பொன்னும் பச்சையும் கலந்த உலோகப் பளபளப்பைக் காட்டியது. இந்தப் பளபளப்பு எப்போது தோன்றினாலும் நீண்ட சங்கிலிகள் உருவாகிவிட்டன என்று கொள்ளலாம். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இவ்வளவு விரைவில் சங்கிலி வளர்வதற்குக் காரணம் உண்டு. இவ்வகைப் பிணைப்பு வினைகளில் பொதுவாக மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து மெல்ல நீளும். இருவகைத் தொகுதிகளும் மிகச் சரியாகச் சமமாக இருந்தாலன்றி நீண்ட சங்கிலி கிடைக்காது. இங்கு அப்படி நடப்பதில்லை. நிக்கல் அணு ஒரு சங்கிலியைப் பற்றிக்கொண்டு, புதிய அலகைச் சேர்த்ததும் சங்கிலியை விட்டு விலகாமல் அதன் மேலேயே நகர்ந்து நுனிக்குச் சென்று அடுத்த அலகைச் சேர்க்கிறது. கனகாவா பல்கலைக்கழகத்தில் யோகோசாவா குழுவும், கார்னகி மெலனில் மெக்கல்லோ குழுவும் 2004-இல் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. இதனால் சங்கிலியின் நீளத்தை மோனோமர்–நிக்கல் விகிதத்தைக் கொண்டே தீர்மானிக்கலாம். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், வினையில் இறங்கும் ஐந்தில் நான்கு பங்கைக் கணக்கிட்டால், ஒரு சங்கிலிக்குச் சுமார் 80 அலகுகள். ஓர் அலகின் எடை 166.3 என்பதால் மூலக்கூற்று எடை 13,300 அளவில் இருக்க வேண்டும்.

பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விரைவாகச் செலுத்தி வினையை நிறுத்தினோம். மெதுவாகச் செலுத்தினாலோ மெத்தனால் கொண்டு நிறுத்தினாலோ இரண்டு சங்கிலி நுனிகள் ஒன்றோடொன்று இணைந்து இரட்டை நீளச் சங்கிலிகள் உருவாக வாய்ப்புண்டு. கரைசலை 400 மி.லி. மெத்தனாலில் ஊற்றியதும் பாலிமர் கருஊதாத் துகள்களாக வீழ்ந்தது. வடிகட்டி, ஈரம் போக உலர்த்தி, மூன்று பங்காகப் பிரித்தோம்.

முதல் பங்கை மெத்தனாலில் அலசியதோடு நிறுத்திவிட்டோம். இரண்டாம் பங்கைத் தடித்தாள் கூட்டிலிட்டுச் சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனாலால் ஒரு நாள் சாறிறக்கினோம். மூன்றாம் பங்கை மெத்தனாலால் இறக்கியபின் ஹெக்சேனாலும் இறக்கி, கூட்டில் எஞ்சியதைக் குளோரோஃபார்மில் கரைத்தெடுத்து, அதைச் செறிவாக்கி மீண்டும் மெத்தனாலில் வீழ்த்தினோம். மெத்தனால் மக்னீசிய உப்புகளையும் வினைபடாத மோனோமரையும் நிக்கலில் பெரும்பகுதியையும் எடுத்துச் செல்கிறது. ஹெக்சேன் எடுப்பது குறுஞ்சங்கிலிகளை. கருவியின் கைக்குழாய் நிறைந்து வடியும் ஒவ்வொரு சுற்றிலும் ஹெக்சேன் ஆரஞ்சு நிறமாக இறங்கியது. நேரம் செல்லச் செல்ல நிறம் வெளிறி, இறுதியில் ஏறக்குறைய நிறமற்று இறங்கியபோது நிறுத்தினோம். அடிக்குடுவையில் சேர்ந்த ஹெக்சேனை ஆவியாக்கியபோது ஒட்டும் தன்மையுள்ள சிவப்புப் பசை மிஞ்சியது. இந்தப் பசை முதலிரண்டு பங்குகளிலும் அப்படியே இருக்கிறது என்பதே இந்தச் சோதனையின் கரு.

மூன்று பங்குகளையும் உலர்த்தக் கடும் முறைகள் எதுவும் தேவைப்படவில்லை. 40 டிகிரி செல்சியஸில் சாதாரண வெற்றிட அடுப்பில் இரவு முழுவதும் உலர்த்தினோம். மொத்தம் 0.8 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

மின்கலத்துக்குப் போகும் முன் பாலிமரை அடையாளம் காண வேண்டும். ஜெல் ஊடுருவல் நிறப்பகுப்பியில் மூன்றாம் பங்கின் எண் சராசரி மூலக்கூற்று எடை 21,000 என்றும் பரவல் எண் (சங்கிலி நீளங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது; 1 என்றால் எல்லாம் ஒரே நீளம்) 1.2 என்றும் வந்தது. இரண்டாம் பங்குக்கு 18,000, பரவல் 1.5. கருவியின் அளவுகோல் பாலிஸ்டைரீனை வைத்துச் செய்யப்பட்டது. பாலிஸ்டைரீன் சங்கிலி சுருண்டு கிடப்பது; பி3எச்டி சங்கிலி விறைப்பானது. எனவே கருவி உண்மை எடையை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூட்டிக் காட்டும். அதைக் கழித்துப் பார்த்தால் மேலே கணக்கிட்ட 13,300-உடன் இது பொருந்துகிறது.

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் தையோபீன் வளையத்து ஹைட்ரஜன் 6.98 பிபிஎம்-இல் ஒற்றைக் கோடாக நின்றது. வளையத்தை அடுத்த மெத்திலீன் தலை–வால் இணைப்பில் 2.80-இலும் தலை–தலை இணைப்பில் 2.58-இலும் தோன்றும், இவ்விரண்டின் பரப்பை ஒப்பிட்டே இட ஒழுங்கு சொல்லப்படுகிறது. ஆனால் சங்கிலி நுனியில் உள்ள அலகின் மெத்திலீனும் 2.6-ஐ ஒட்டியே விழும். சங்கிலி குறுகியதாக இருந்தால் நுனிகளின் பங்கு கூடி, நல்ல பாலிமரும் ஒழுங்கற்றதாகத் தோன்றும். நுனிகளைக் கழித்துப் பார்த்தபோது மூன்று பங்குகளிலும் இட ஒழுங்கு 96 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஆக, மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு உப்பும் உலோகமும் குறுஞ்சங்கிலிகளும் மட்டுமே.

வேறுபாடு எளிதாகத் தெரியும் சோதனை ஒளி உட்கவர் நிறமாலை. குளோரோஃபார்மில் கரைந்த பி3எச்டி ஆரஞ்சு நிறமாக, 450 நானோமீட்டரை ஒட்டி ஒற்றை முகடு காட்டும். படலமாகும்போது சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 520, 555 ஆகிய இடங்களில் முகடும் 605-இல் ஒரு தோளும் எழும், நிறம் ஊதாவாகும். 605 தோளின் உயரம் படலத்தில் எவ்வளவு பகுதி அடுக்கி ஒழுங்காகியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. மூன்றாம் பங்கின் படலத்தில் அது தெளிவாக எழுந்து நின்றது. முதல் பங்கில் மழுங்கிக் கிடந்தது. எக்ஸ்-கதிர் சிதறலிலும் அதே கதை: 5.4 டிகிரியில், அதாவது ஹெக்சைல் வால்களால் பிரிக்கப்பட்ட அடுக்குகளுக்கு இடையே 16 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைக் குறிக்கும் இடத்தில், மூன்றாம் பங்கின் முகடு மற்றவற்றை விடக் கூராக இருந்தது.

இனி மின்கலம். பி3எச்டி ஒளியை உட்கொள்ளும்போது உடனே மின்னோட்டம் பிறப்பதில்லை. சிலிக்கானின் மின்காப்பு மாறிலி 11.7, பாலிமரில் அது 3 முதல் 4 வரை. ஆகவே ஒளியால் எழுந்த எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் ஒன்றையொன்று இறுகப் பற்றிய எக்சைட்டான் என்ற இணையாகவே இருக்கின்றன. அது அழிவதற்கு முன் நகரும் தொலைவு 10 நானோமீட்டர் அளவே. அந்தத் தொலைவுக்குள் எலக்ட்ரானை ஏற்கும் வேறொரு பொருள் எதிர்ப்பட்டால்தான் இரண்டும் பிரியும். 1986-இல் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங் இரண்டு படலங்களை அடுக்கி ஏறத்தாழ 1 விழுக்காடு திறன் பெற்றார். இரு படலங்கள் சந்திக்கும் எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதியே அங்குப் பயன்பட்டது. 1995-இல் ஹீகர் குழு எலக்ட்ரானை ஏற்கும் ஏற்பியையும் அதைத் தரும் வழங்கியையும் ஒரே கரைசலில் கலந்து, படலம் முழுவதையுமே எல்லையாக்கியது. இன்றும் பெரும்பாலோர் செய்வது அந்தக் கலவைப் படலத்தைத்தான். எங்கள் ஏற்பி பிசிபிஎம். அறுபது கார்பன் கொண்ட ஃபுல்லரீன் கூண்டுக்குக் கரையும் தன்மை வரும்படி ஒரு பக்கத்தொகுதி சேர்த்தது.

ஐடிஓ (ஒளி ஊடுருவும், மின்சாரம் கடத்தும் ஆக்சைடு) பூசிய கண்ணாடியைச் சோப்புக் கரைசல், நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் ஆகியவற்றில் வரிசையாக மீயொலித் தொட்டியில் கழுவி, புறஊதா–ஓசோன் கருவியில் இருபது நிமிடம் வைத்தோம். பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்திப் பாலிமரின் நீர்க்கரைசலை வடிகட்டி, நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் பூசி, 150 டிகிரியில் உலர்த்தினோம். ஏறத்தாழ 40 நானோமீட்டர் தடிமன். இதற்குப் பின் எல்லாம் நைட்ரஜன் நிறைந்த குளோவ் பாக்சில்.

பி3எச்டி ஒரு மி.லி.க்கு 20 மி.கி., பிசிபிஎம் 16 மி.கி. என்ற அளவில் ஆர்த்தோ-டைகுளோரோபென்சீனில் 60 டிகிரியில் இரவு முழுவதும் கலக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக இறக்கினோம். முதல் பங்கின் கரைசல் வடிகட்டியில் தயங்கித் தயங்கியே இறங்கியது. மூன்றாம் பங்கு தடையில்லாமல் இறங்கியது. நிமிடத்துக்கு 800 சுற்று, நாற்பது நொடி. ஸ்பின் கோட்டர் நின்றபோது படலம் இன்னும் ஈரமாக, ஆரஞ்சு நிறமாகவே இருந்தது. உடனே எடுத்து மூடிய பெட்ரித் தட்டுக்குள் வைத்தோம். கரைப்பானின் ஆவி தட்டுக்குள் தங்குவதால் உலர்தல் மெதுவாகிறது. முதலில் கண்ணாடியின் விளிம்பில் ஊதா தோன்றியது. பிறகு அந்த ஊதா ஒரு கோடாக உள்நோக்கி நகர்ந்து, சுமார் இருபது நிமிடத்தில் ஆரஞ்சு முழுவதையும் விழுங்கியது. அந்தக் கோடு கடக்கும் இடத்தில்தான் சங்கிலிகள் அடுக்கிப் படிகமாகின்றன. முதல் பங்கின் படலத்தில் கோடு தெளிவில்லாமல், திட்டுத் திட்டாகப் பரவியது. உலர்ந்த பின்னும் நிறத்தில் ஒரு பழுப்புச் சாயல் எஞ்சியது. எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் கண்ணால் தரம் பிரிக்க முடிந்த இடம் இது ஒன்றே. உலர்ந்த படலங்களை 110 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினோம். தடிமன் சுமார் 200 நானோமீட்டர்.

மேல் மின்வாயாக 20 நானோமீட்டர் கால்சியமும் அதைக் காக்க 100 நானோமீட்டர் அலுமினியமும் உயர் வெற்றிடத்தில் முகமூடித் தகடு வழியாகப் படிய வைத்தோம்.

அளவீட்டில் கவனம் தேவைப்படும் இரண்டு இடங்களைச் சொல்ல விரும்புகிறேன். சூரிய ஒளிப் போலியின், அதாவது சூரிய ஒளியைப் போலச் செய்யும் விளக்கின், செறிவைச் சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட் என்று அமைக்க, அகச்சிவப்பை வெட்டும் கேஜி5 வடிகட்டி பொருத்திய சிலிக்கான் ஒப்பீட்டுக் கலத்தைப் பயன்படுத்தினோம். பி3எச்டி 650 நானோமீட்டருக்கு அப்பால் ஒளியை உட்கொள்வதில்லை. வெறும் சிலிக்கான் கலமோ 1,100 வரை உட்கொள்ளும். வடிகட்டி இல்லாமல் ஒப்பிட்டால், விளக்கின் அகச்சிவப்புப் பகுதி கூடவோ குறையவோ இருப்பது நம் கணக்கில் பொய்யாக ஏறும். இரண்டாவது, கலத்தின் பரப்பு. பெடாட்:பிஎஸ்எஸ் பக்கவாட்டிலும் மின்சாரத்தைக் கொண்டுவரும். எனவே மின்வாய்கள் குறுக்கிடும் பரப்புக்கு வெளியே விழுந்த ஒளியும் கணக்கில் சேர்ந்துவிடும். பரப்பு சிறிதாக இருக்க இருக்க இந்தப் பிழை பெரிதாகும். துளையிட்ட கருந்தகட்டை மேலே வைத்து, துளையின் பரப்பையே எடுத்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் வெளியிடப்படும் உயர்ந்த எண்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

முதல் பங்கில் செய்த கலங்கள் சராசரியாகத் திறந்த சுற்று மின்னழுத்தம் 0.53 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் சதுர செ.மீ.க்கு 6.8 மில்லி ஆம்பியர், நிரப்புக் காரணி (கலம் தரும் உச்ச மின்திறன் இவ்விரண்டின் பெருக்கலில் எத்தனை பங்கு என்பது) 0.43 என்று தந்தன, திறன் 1.5 விழுக்காடு. இரண்டாம் பங்கு 0.57 வோல்ட், 8.3 மில்லி ஆம்பியர், 0.54, திறன் 2.6 விழுக்காடு. மூன்றாம் பங்கு 0.59 வோல்ட், 9.4 மில்லி ஆம்பியர், 0.64, திறன் 3.5 விழுக்காடு. அலைநீளம் வாரியாக எடுத்த குவாண்டம் திறனைத் தொகுத்துக் கணக்கிட்ட மின்னோட்டம் மூன்றாம் பங்குக்கு 8.9 மில்லி ஆம்பியர் வந்தது. ஒளிப் போலியின் அளவீட்டோடு இது ஒத்துப்போகிறது.

இந்த எண்களில் மின்னழுத்தத்தை விட நிரப்புக் காரணியே எனக்கு அதிகம் சொல்கிறது. முதல் பங்கிலிருந்து இரண்டாம் பங்குக்கு வந்ததும் இருளில் எடுத்த வளைகோட்டில் எதிர்த்திசைக் கசிவு வெகுவாகக் குறைந்தது. உப்பும் நிக்கலும் கசிவுக்கு வழியாகவும், எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேரும் பொறியாகவும் இருந்தன என்பது இதனால் விளங்குகிறது. இரண்டாம் பங்கிலிருந்து மூன்றாம் பங்குக்கு வந்தபோது கசிவில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நிரப்புக் காரணி 0.10 உயர்ந்தது. இங்கு வேலை செய்தது சங்கிலி நீளம். நீண்ட சங்கிலி ஒரு படிகத் துணுக்கிலிருந்து வெளியேறி அடுத்த துணுக்குக்குள் நுழைந்து இரண்டையும் இணைக்கிறது. துளைகள் அதன் வழியே கடந்து செல்கின்றன. குறுஞ்சங்கிலிகள் நன்றாகப் படிகமானாலும் துணுக்குகளுக்கு இடையே பாலம் அமைக்க அவற்றுக்கு நீளம் போதாது.

இதைத் தனியே உறுதி செய்யக் கலவை இல்லாமல் பாலிமரை மட்டும் கொண்டு டிரான்சிஸ்டர்கள் செய்தோம். 300 நானோமீட்டர் ஆக்சைடு வளர்ந்த சிலிக்கான் தகட்டை ஆக்டாடெசைல் சிலேனால் பதப்படுத்தி, தங்க மின்வாய்களின் மேல் பாலிமரைப் பூசி நைட்ரஜனில் அளந்தோம். காற்றில் அளந்தால் ஆக்சிஜன் பாலிமரில் கலந்து, அணைந்திருக்க வேண்டிய நிலையிலும் மின்னோட்டம் ஓடும். துளைகளின் நகர்திறன் முதல் பங்கில் 0.003, மூன்றாம் பங்கில் 0.04 சதுர செ.மீ./வோல்ட் நொடி. மூலக்கூற்று எடை கூடக் கூடப் பி3எச்டியின் நகர்திறன் பல மடங்கு உயர்வதை ஸ்டான்ஃபோர்டில் மெக்கீ குழு 2003-இலேயே காட்டியிருக்கிறது. பல தொகுதிகளை ஒப்பிட்டு அவர்கள் கண்டதை, ஒரே தொகுதிக்குள் சாறிறக்கத்தைக் கொண்டே இங்குக் காண முடிந்தது.

இன்று பி3எச்டி–பிசிபிஎம் இணையைத் திறனுக்காக யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 2010-இல் பிசிபிஎம்முக்குப் பதில் ஐசிபிஏ என்ற ஏற்பியைக் கொண்டு மின்னழுத்தத்தை 0.84 வோல்ட்டாக்கி, லி யோங்ஃபாங் குழு 6.5 விழுக்காடு வரை சென்றது. 2019-இல் சாங்ஷாவில் சோ யிங்பிங் குழு வெளியிட்ட ஒய்6 என்ற ஃபுல்லரீன் அல்லாத ஏற்பி, பிஎம்6 பாலிமருடன் சேர்ந்து 15.7 விழுக்காட்டைத் தொட்டது. அந்த வழியில் வந்த கலங்கள் இப்போது 19 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. ஆனால் பிஎம்6 போன்ற பாலிமர்களைச் செய்ய மோனோமரின் இரு நுனியிலும் டிரைமெத்தில் வெள்ளீயத் தொகுதி வைக்க வேண்டும். அந்த வெள்ளீயச் சேர்மங்கள் கடும் நச்சு. பல படிகளில் தயாரிக்கப்படுபவை. கூரை அளவுக்கு விரிக்க வேண்டிய ஒரு பொருளுக்குத் தயாரிப்பின் எளிமையும் திறனுக்கு இணையான தகுதி என்றே நான் கருதுகிறேன். பி3எச்டியை இன்னும் கைவிட மனம் வராததற்குக் காரணம் அதுவே.

கலங்களின் ஆயுளைப் பற்றிச் சுருக்கமாக. மூடாமல் காற்றில் வைத்த கலங்களில் கால்சியம் விளிம்பிலிருந்து ஆக்சைடாகிச் சில மணி நேரத்திலேயே மின்னோட்டம் விழுந்தது. எபாக்சி பூசிக் கண்ணாடியால் மூடியவை ஒளியில் முதலில் விரைவாகச் சற்று இறங்கி, பிறகு நிதானித்தன. மூன்று பங்குகளில் தொடக்க இறக்கம் முதல் பங்கில்தான் மிகுதி. தலைகீழ் அமைப்பில், துத்தநாக ஆக்சைடை அடியிலும் வெள்ளியை மேலேயும் வைத்துச் செய்தால் கால்சியத்தையே தவிர்க்கலாம். அமிலத்தன்மையுள்ள பெடாட்:பிஎஸ்எஸ் ஐடிஓவை அரிப்பதும் இராது.

அடுத்து எடுத்திருப்பது நேரடி அரைலேற்ற முறை. ஒசாவா குழு 2010-இல் காட்டியபடி, 2-புரோமோ-3-ஹெக்சைல்தையோபீனைப் பல்லேடியம் வினையூக்கியோடு சூடாக்கினால் கிரிக்னார்டும் வெள்ளீயமும் இல்லாமலேயே 98 விழுக்காடு இட ஒழுங்குள்ள பி3எச்டி கிடைக்கிறது. பல்லேடியம் நிக்கலைப் போல் மெத்தனாலோடு எளிதில் வெளியேறாது. குளோரோஃபார்ம் கரைசலைச் சோடியம் டைஎத்தில் டைதையோகார்பமேட் நீர்க்கரைசலோடு குலுக்கி எடுக்க வேண்டும். அந்தப் பாலிமரையும் முன்போலவே பங்குகளாகப் பிரித்து, இம்முறை பல்லேடியம் நீக்கிய பங்கு, நீக்காத பங்கு என்று இன்னொரு ஒப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளத் திட்டம். அதற்கான மோனோமரின் காய்ச்சி வடிப்பு முடிந்து, நடுப் பகுதி ஆர்கான் நிரப்பிய புட்டியில் குளிரூட்டிக்குள் இருக்கிறது.